விடுமுறை முடிந்த பின் அம்பிட்டியவில்

சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நாளில் எவர்க்கும் ஓய்வில்லை. மருத்துநீர் வைத்தல், புத்தாடை புனைதல், கோயிலுக்குச் செல்லுதல், நல்ல நேரம் பார்த்துக் கைவிசேடம் கொடுத்தல் என்று பொழுது பறந்துவிடுகின்றது. பண்டிகையின் உண்மைச் சுவையை அறிய விரும்புவோர் அதன் ஆரவாரம் அடங்கிய பின் வரும் நாட்களையே காணவேண்டும். அவற்றைக் காண்பதற்கு ஏற்ற ஊர்களுள் ஒன்று அம்பிட்டிய.

கண்டி வாவிக்கரையை விட்டுத் தலாத்துஓயா செல்லும் பாதையில் ஏறினால், சில கிலோமீற்றருக்குள் இவ்வூர் வந்துவிடும். இதன் பெயரைக் கடல் கடந்து கொண்டுசென்றது இங்குள்ள குருமடமாகும். பாப்பரசர் 13 ஆம் லியோவின் விருப்பப்படி 1893 இல் அது நிறுவப்பட்டது. இந்தியாவிலிருந்தும் இலங்கையின் பல பாகங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து பயின்றனர். 1953 இல் இந்தியாவின் முதற் கர்தினாலாக உயர்ந்த வலேரியன் கிராசியஸ் அவர்களும் இங்கு கற்றவரே. 1955 இல் அந்நிறுவனம் பூனா நகருக்கு மாறியது. அவ்விடத்தில் இலங்கையின் தேசிய குருமடம் இயங்கி வருகின்றது. வேற்றூர்ப் பிள்ளைகளை ஏற்றுப் பழகிய மண் இது.

விருந்தினர் வருகை கண்டிச் சீமைக்குப் புதிதன்று. பண்டைக் கண்டி மன்னர்கள் மதுரையிலிருந்து பெண் கொண்டனர். அரசியருடன் அவர்தம் சுற்றத்தாரும் வந்து குடியேறினர். 1739 இல் நரேந்திரசிங்க மன்னர் அரசுரிமைக்குரிய மைந்தர் இன்றி மறைந்தபோது, அரசியின் உடன்பிறந்தாரே ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயருடன் முடி சூடினார். உறவுமுறையில் வந்தவர் அரியணையிலும் அமர்ந்த நாடு இது! இக்காலத்து விருந்தினர் அவ்வளவு கேட்பதில்லை. ஒரு சாய்வு நாற்காலியும் சூடான தேநீரும் அவர்க்குப் போதும்.

யாழ்ப்பாணத்து உறவினர் பனையோலைக் குட்டானில் பனங்கட்டி கொண்டு வருவர். மலைத் தோட்டங்களிலுள்ள சுற்றத்தார் பஸ் வண்டியேறித் தேயிலைப் பொட்டலத்தோடு வருவர். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டமும் இக்கண்டி மலைகளிலேதான் உள்ளது. திரும்பிச் செல்வோர் கையில் கித்துள் கருப்பட்டி இருக்கும். பனையின் இனிப்பும் கித்துளின் இனிப்பும் இடம் மாறிக்கொள்வது எத்துணை அழகு!

பலகாரத் தட்டுகளும் அவ்வாறே வீடு மாறுகின்றன. தமிழர் வீட்டு முறுக்கும் பயற்றம் பணியாரமும் வேலி கடந்து செல்ல, சிங்களவர் வீட்டிலிருந்து கவுமும் கொக்கிஸும் வருகின்றன. அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் கரைத்து, அச்சைத் தோய்த்து, கொதிக்கும் எண்ணெயில் இட்டு எடுப்பது கொக்கிஸ். தமிழகத்தார் இதன் உறவினை அச்சு முறுக்கு என்பர். பெயரோ ஒல்லாந்தர் விட்டுச் சென்றதென்பர். முஸ்லிம் அன்பர்களின் வட்டிலப்பம் இவ்விருந்துக்கு மகுடம் சூட்டும். எண்ணெய்ப் பலகாரங்கள் விரைவிற் கெடுவதில்லை. ஆதலால் பள்ளி தொடங்கிய பின்னரும் பிஸ்கற் தகரங்களில் புத்தாண்டு சில நாள் ஒளிந்திருக்கும்.

வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்புவது முறையன்று. சிறு வழக்கந்தானே என்று இதனை எண்ணலாகாது. 1983 யூலை வன்செயல்கள் கண்டி நகரையும் தீண்டின. அத்தகைய காலங்களில் அயலார் மீதுள்ள நம்பிக்கையே முதலில் உடைகின்றது. உடைந்ததை ஒட்டுவதற்கு ஒப்பந்தங்களும் மேடைப்பேச்சும் மட்டும் போதா. வேலிக்கு மேலாக நீட்டப்படும் ஒரு தட்டும், "எடுத்துக்கொள்ளுங்கள்" என்னும் ஒரு சொல்லும் வேண்டும்.

தட்டுக்கு உரிய இம்முறை நூலுக்கும் உரியது. மாணவர்கள் அறியவேண்டிய கதை ஒன்று உண்டு. றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் கைதியாக வாழ்ந்தார். அவரிடம் இருந்தவை இரண்டே நூல்கள். அவற்றையே படித்துப் படித்து ஏறக்குறைய மனப்பாடம் செய்துவிட்டார். ஒருநாள் முதியவர் ஒருவர் ஆங்கில வேதாகமம் ஒன்றைக் கொண்டுவந்தார். அவர்தம் தாய்மொழியில் மூன்றாவது நூல்! பின்னற் தொப்பி ஒன்றைக் கொடுத்து அதனைப் பெற்றுக்கொண்டனர். தப்பிச் சென்ற பின், 1681 இல் அவர் வெளியிட்ட நூலே இந்நாட்டின் அக்கால வாழ்வை நமக்குக் காட்டுகின்றது.

நம் பிள்ளைகளுக்கோ கண்டி நகரில் டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூல்நிலையம் உண்டு. கைவிசேடக் காசும் கையில் உண்டு. அக்காசில் ஒரு பகுதியேனும் நூலாக மாறவேண்டும். அந்நூல் ஒருவர் படித்தவுடன் அலுமாரியில் உறங்கலாகாது. தோட்டத்திலிருந்து வந்த மைத்துனி அதனைக் கொண்டு செல்லட்டும். அடுத்த முறை வரும்போது மற்றொரு நூலோடு திருப்பித் தரட்டும். இவ்வாறு ஒரு நூலை வாங்கியவர் இரண்டைப் படித்தவராவர்.

அன்னையரே, விருந்தினர் புறப்படும்போது பலகாரப் பொதியோடு ஒரு நூலையும் வைத்துக் கட்டுங்கள். முறுக்கு வழியிலேயே தீர்ந்துவிடும். நூல் வீடு போய்ச் சேரும்.