அப்பாவின் பச்சை நோட்டு

2017-ல் அப்பா புனே வந்திருந்தபோது ஒரு சாயங்காலம். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு உயில் எழுதி வைக்கணும்டா, உன்கிட்ட பேசணும்" என்றார். நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "என்னப்பா, நல்ல நாளும் அதுவுமா! நீங்க நூறு வயசு இருப்பீங்க" என்றேன். கையில் இருந்த பச்சை அட்டை நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பாசத்தில்தான் அப்படிச் சொன்னேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு அந்தப் பேச்சு பயம். வெளியூரில் இருக்கும் நம்மில் பலருக்கும் இதே கதைதான். ஊருக்குப் போவதே வருடத்துக்குப் பத்து நாள், அதில் யார் போய் சாவைப் பற்றிப் பேசுவது?

நான் சட்டம் படித்தவன் இல்லை, பட்டவன். பட்டதை மட்டும் சொல்கிறேன். உங்கள் விஷயத்துக்கு ஒரு நல்ல வக்கீலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடமே அப்பாவுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி, அப்புறம் தெரு, அப்புறம் ஆட்கள். 2019-ல் அம்மாவைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டார். மாயவரத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கும் தங்கை, பகலெல்லாம் அங்கேயே இருக்க ஆரம்பித்தாள். ராத்திரிக்கு ஓர் ஆள் போட்டோம். அதற்கும் மருந்துக்கும் டயாப்பருக்கும் சேர்த்து மாதம் முப்பதாயிரத்தைத் தாண்டியது. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். வீட்டில் வருடக்கணக்காகப் பார்த்துக்கொள்வதற்கு அது வராது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இன்று 70 வயதானவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத்தில் ஐந்து லட்சம் உண்டு (2024 அக்டோபரில் வந்தது). அதுவும் ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான்.

சரி, அப்பாவுக்குத்தான் எஃப்.டி. இருக்கிறதே, பத்து லட்சத்துக்கு மேல், அதை எடுக்கலாம் என்று பேங்குக்குப் போனேன். அவர் பெயரில் மட்டும் இருந்தது. "அம்மா நாமினியா இருக்காங்களே" என்றேன். மேனேஜர் பொறுமையாகச் சொன்னார்: "சார், நாமினிங்கறது அவர் காலத்துக்கு அப்புறம். அவர் இருக்கறப்ப இல்ல." உடம்புக்கு முடியாதவர், ஆனால் மனசு தெளிவு என்றால், பேங்கிலிருந்தே ஆள் வந்து சாட்சியோடு கைரேகை வாங்குவார்களாம். அப்பாவுக்கு ரேகை இருந்தது, தெளிவுதான் இல்லை.

பவர் ஆஃப் அட்டர்னி வாங்கலாமா என்று வக்கீலைக் கேட்டேன். விஷயம் புரியாதவர் பவர் கொடுக்க முடியாது. முன்பே கொடுத்திருந்தாலும், கொடுத்தவருக்குப் புத்தி தெளிவு போனால் பவரும் போய்விடும். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம் அப்படி. பழைய மனநலச் சட்டத்தில் இப்படிப்பட்டவர்களின் சொத்தைக் கவனிக்க ஆள் நியமிக்க வழி இருந்தது. 2017 சட்டத்தில் அந்தப் பகுதி இல்லை. ஆக, பாதுகாவலர் உத்தரவுக்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும் என்றார் வக்கீல். புனேயில் உட்கார்ந்துகொண்டு அதை எங்கே போய்ச் செய்ய?

எங்களைக் காப்பாற்றியது பென்ஷன் கணக்கு. அது மட்டும் அப்பா, அம்மா இருவர் பெயரிலும், 'இருவரில் ஒருவர்' என்று இருந்தது. மீதியை நான் அனுப்பினேன். எஃப்.டி. தானாகப் புதுப்பித்துக்கொண்டு, வட்டி போட்டுக்கொண்டு, பேங்கிலேயே பத்திரமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க அப்பா சேர்த்த காசு அப்பாவுக்கு ஒரு டயாப்பர் வாங்க ஆகவில்லை.

2022-ல் அப்பா போய்விட்டார். காரியம் முடிந்து பீரோவை ஒழித்தபோது அந்தப் பச்சை நோட்டு கிடைத்தது. பால் கணக்கு, கரண்ட் பில் எல்லாம் தாண்டி கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். வீடு அம்மா காலம் வரை அம்மாவுக்கு, பிறகு பாப்பாவுக்கு. எனக்கு அவர் படிக்க வைத்ததே சொத்து என்று ஒரு வரி. கீழே கையெழுத்து இல்லை, தேதி இல்லை, சாட்சி இல்லை.

உயில் வெள்ளைப் பேப்பரில் எழுதினால் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு செய்வதும் கட்டாயமில்லை (செய்துவிடுவது நல்லது). ஆனால் எழுதியவர் கையெழுத்தும், குறைந்தது இரண்டு சாட்சிகளும் வேண்டும். 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது அவ்வளவுதான். அந்த 'அவ்வளவு'தான் அப்பாவின் பென்சில் பக்கத்தில் இல்லை. அன்று நான் லேப்டாப்பை மூடியிருந்தால் இருந்திருக்கும்.

உயில் இல்லை என்றால் எங்களைப் போன்ற இந்துக் குடும்பங்களில் 1956 சட்டப்படி பங்கு. அம்மா, நான், தங்கை, மூவருக்கும் சமம். (கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு விதிகள் வேறு.) வாரிசுச் சான்றிதழ் வாங்கினோம். தாசில்தார் ஆபீஸ் தாளில் என் பெயரும் இருந்தது. அந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு.

ரயிலில் திரும்பி வரும்போது தங்கமணியிடம் நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, "நம்ம வீட்டு லோன் இன்னும் ஒன்பது வருஷம் இருக்கு" என்றாள். தப்பாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். நானும் மனசுக்குள் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். குண்டக்கல் தாண்டியதும் அவளே கேட்டாள்: "இந்த மூணு வருஷத்துல மாமா கூட நீங்க எத்தனை நாள் இருந்திருப்பீங்க?" பழைய டிக்கெட்டுகளை மெயிலில் தேடி எண்ணினேன். 46 நாள். அப்புறம் இருவரும் லோனைப் பற்றிப் பேசவில்லை.

தங்கையிடம் சொன்னதும் போனிலேயே அழுதாள். "வீட்டுக்காகத்தான் பாத்தேன்னு ஊரு பேசும், எனக்கு வேணாம்ண்ணே." அவளைச் சம்மதிக்க வைக்க மூன்று மாதம் ஆனது.

உடனே தங்கை பெயருக்கே எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வக்கீல் தடுத்தார். செட்டில்மெண்ட் எழுதினால் வீடு அன்றைக்கே கைமாறிவிடும், பிறகு சும்மா மாற்ற முடியாது. உயில் என்றால் அம்மா உயிரோடு இருக்கும் வரை வீடு அம்மாவுடையது, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட்தான் வேண்டும் என்பவர்கள், கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். பார்க்காமல் விட்டால் 2007-ம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ம் பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

நானும் தங்கையும் எங்கள் பங்கை அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம். அம்மா, அப்பாவின் பென்சில் பக்கத்தை ஒழுங்கான உயிலாக எழுதி சார்பதிவாளர் ஆபீஸில் பதிவு செய்தாள். சாட்சிகள் அம்மாவை விட வயதில் சிறியவர்கள், சொத்தில் சம்பந்தமில்லாதவர்கள். தெளிவாக இருக்கிறாள் என்று டாக்டரிடம் ஒரு சான்றும் வாங்கினோம். போட்டோ எடுக்க உட்கார வைத்தபோது, "உங்கப்பா இருந்தா இந்த நாற்காலி ஆடுதுன்னு சொல்லியிருப்பாரு" என்றாள் அம்மா.

அம்மாவின் டெபாசிட்டுகளில் இப்போது தங்கை பெயரும் 'இருவரில் ஒருவர்' என்று இருக்கிறது. முதிர்ந்ததும் ஒரு கையெழுத்தில் எடுக்கலாம். ஆஸ்பத்திரி பற்றியும் கேட்டுவிட்டேன். மெஷினில் போட்டு இழுக்க வேண்டாம் என்றாள். அதையும் எழுதி வைக்கலாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்து, 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியும் போதும்.

இதையெல்லாம் எங்கள் அபார்ட்மெண்டில் இருக்கும் நாகர்கோவில் நண்பரிடம் சொன்னேன். அவர் மகனுக்கு ஆட்டிசம். "நாங்க போனப்புறம் இவன்?" என்பதுதான் அவர் வீட்டுக் கேள்வி. பதினெட்டு வயதுக்குப் பிறகு 1999-ம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் மாவட்டக் குழு சட்டப் பாதுகாவலரை நியமிக்கும். பணத்தைப் பையன் பெயரில் நேரே வைக்காமல், அவனுக்காக ஒரு தனியார் டிரஸ்ட் எழுதி, அதில் போய்ச் சேரும்படி உயில் எழுதுகிறார்கள். டிரஸ்ட் பணக்காரர்கள் சமாச்சாரம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கடைசியில் என் கதை. நான் உயில் எழுதாமல் போனால், இந்தப் புனே வீடு தங்கமணி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று நாலு பங்காகும். அம்மாவின் பங்கு பிறகு தங்கைக்கும் போகலாம். யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆனால் வீட்டை விற்கவோ மாற்றவோ எத்தனை கையெழுத்து, எத்தனை ரயில்! சொசைட்டியில் நாமினி போட்டிருக்கிறேனே என்றால், நாமினி பொறுப்பாளர்தான், சொந்தக்காரர் அல்ல. 2025 நவம்பரிலிருந்து பேங்க் கணக்குக்கு நாலு நாமினி வரை போடலாம். நாலு பேர் போட்டாலும் அது உயிலுக்கு ஈடு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் தங்கமணியும் உட்கார்ந்து எங்கள் உயில்களை எழுதினோம். பிள்ளைகளுக்கு யார் கார்டியன் என்ற இடத்தில் மட்டும் ஒரு மணி நேரம் சண்டை. நடுவில் பெரியவன் வந்து எட்டிப் பார்த்தான். "ஏம்ப்பா இதெல்லாம் இப்ப? நீங்க நூறு வயசு இருப்பீங்க" என்றான்.

லேப்டாப்பை மூடிவிட்டு, "உட்காருடா" என்றேன்.