சாணிக்கூடை காத்திருக்கட்டும்

1984 டிசம்பரில் அமெரிக்காவின் புரூக்ளினில் எம்.ஜி.ஆருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். கொடுத்தவர் அண்ணன் மகள் லீலாவதி. 1985 பிப்ரவரியில் ஊர் திரும்பி முதல்வராகப் பதவியேற்றார். “அவரே ரெண்டு மாசத்துல கோட்டைக்குப் போகலீங்களா?” என்று கேட்டுக்கொண்டே, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு விவசாயி மூன்றாம் மாதமே கட்டுத்தாரைக்குக் கிளம்பிவிட்டார்.

கோட்டையில் எருக்குழி கிடையாதே! புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத் தரும் மாத்திரை, நோய் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அடக்கும். முதல் ஆறு மாதம் ரொம்பக் கவனம் வேண்டும். மக்கிய எருவைக் கிளறினால் பறக்கும் பூஞ்சை வித்து நுரையீரலைப் பிடித்துக்கொள்ளலாம். காய்ச்சாத பாலும் ஆகாது.

சாணிக்கூடையை மனைவி பிடுங்கிக்கொண்டார். “உள்ள இருக்கறது என்ற கிட்னியுங்க. நான் சொல்றப்பப் போனாப் போதும்.”

இப்போது காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை டப்பாவோடு வந்து நிற்பவரும் அவர்தான்.