வால்வா, டிரான்ஸிஸ்டரா?

பழமைக்கும் புதுமைக்கும் இடையே நடக்கும் வழக்கு இலக்கிய மன்றங்களுக்கு மட்டும் உரியதன்று. ஏழை மாணவனின் இசைப்பெட்டிக்குள்ளும் அது நடக்கிறது. அவ்வழக்கில் தீர்ப்புக் கூற வேண்டிய நிலையில் நான் இருக்கிறேன். உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம் ஒரு கருவிக்குத்தான் காணும்.

திருநெல்வேலிச் சீமையில் என் பாட்டனார் வாங்கி, தந்தையார் தாராவிக்குச் சுமந்து வந்த செல்வம் சில நீண்டநேர இசைத்தட்டுகள். அவற்றுள் எங்கள் வீட்டார் உயிராய்ப் போற்றுபவை, 1964இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத் தட்டுகள். தட்டைச் சுழற்றும் பெட்டி கிடைத்துவிட்டது, முன்பெருக்கிதான் இல்லை.

முன்பெருக்கி எதற்கு என்று கலைப்பிரிவு நண்பர்கள் கேட்கலாம். தட்டின் வரியில் ஓடும் முள் எழுப்பும் மின்னழுத்தம் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். அதை நூறு மடங்காவது பெருக்கினால்தான் அடுத்த கருவி ஏற்கும். மேலும், தட்டில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதித்திருப்பார்கள். அதைச் சரிசெய்வதும் இதன் வேலை. 1940களில் பிறந்த 12ஏஎக்ஸ்7 என்னும் வால்வும் இதைச் செய்யும். டிரான்ஸிஸ்டர்கள் பல அடங்கிய, நகத்தளவே உள்ள சிலிக்கன் சில்லும் செய்யும்.

செம்பூரில் வசிக்கும் என் ஆய்வுக்கூட நண்பர் வால்வுக் கட்சி. "டிரான்ஸிஸ்டர் கணக்குப்பிள்ளை, வால்வுதான் வித்துவான்" என்பார். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. வால்வு, தான் பெருக்கும் ஒலியோடு அதன் இருமடங்கு அதிர்வெண்ணையும் சிறிது சேர்க்கும். இருமடங்கு என்பது மேல் ஸ்தாயி அன்றோ? ஷட்ஜத்துக்கு மேல் ஷட்ஜம் துணை நின்றால் இனிமைதான்.

ஆனால் நாகஸ்வரம் தனித்து ஒலிப்பதில்லை. சுருதி கூடவே நிற்கிறது. இவ்வாறு கலப்புச் செய்யும் கருவியில் இரண்டு ஒலிகள் ஒருங்கே புகுந்தால், அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாய்ப் பிறக்கும். ஷட்ஜம் 240 என்று கொள்வோம். பஞ்சமம் 360. கூட்டினால் 600, அது மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம். மோகனத்துக்குப் பொருந்தும். தோடியின் சுத்த ரிஷபத்தை 256 எனக் கொண்டால், ஷட்ஜத்தோடு கூட்டி 496 வருகிறது. மேல் ஷட்ஜமாகிய 480க்கும் மேல் ரிஷபமாகிய 512க்கும் நட்டநடுவே நிற்கும் அந்த ஒலிக்குத் தோடியில் என்ன வேலை?

நன்கு அமைந்த வால்வுக் கருவியில் இக்கலப்பு மிகச் சிறிது, காதுக்கு எட்டாது என்பர். எட்டாதென்றால் அதற்கு ஏன் கூடுதல் விலை? எட்டுமென்றால், அது காருகுறிச்சியார் வாசிக்காத ஒலி.

இடத்தையும் எண்ண வேண்டும். வால்வுக்கு 250 வோல்ட் அளவில் மின்னழுத்தம் தேவை. எங்கள் ஒற்றை அறையில் மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். அக்காள் குழந்தைக்கு எதையும் தொட்டுப் பார்க்கும் பருவம். மாடியில் தோல்பை தைக்கும் இயந்திரங்கள் ஓடுகின்றன. அந்த அதிர்ச்சியையும் வால்வு ஒலியாக்கிவிடும். சில்லுக்கோ இருபுறமும் 15 வோல்ட் போதும்.

வால்வை நான் இகழவில்லை. 1960இல் இதே மும்பையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணிப்பொறி வால்வுகளால் ஆனதே. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. இன்றோ புதிய வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா நாடுகளிலிருந்து வருகின்றன.

தந்தையாரிடம் இரு கட்சியையும் எடுத்துரைத்தேன். "எதுல கேட்டா என்னலே? சத்தம் நம்ம ஊர்ச் சத்தமா இருக்கணும்" என்றார்.

ஆகவே தீர்ப்பு டிரான்ஸிஸ்டர் பக்கமே. லாமிங்டன் சாலையில் சில்லும் பிற உறுப்புகளும் வாங்கி நானே பற்றவைக்கப் போகிறேன். மிஞ்சும் பணத்தில் புதிய முள் வாங்குவேன். தேய்ந்த முள் தட்டின் வரிகளையே அரித்துவிடும். முன்பெருக்கியை என்று வேண்டுமானாலும் மாற்றலாம். பாட்டனார் வாங்கிய தட்டை எங்கே போய் வாங்குவது?

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய தட்டுகள் இருக்கலாம். தூசு தட்டி எடுத்து வையுங்கள். கருவி ஆயத்தமானதும் மன்றத்து அறைக்குக் கொண்டு வருகிறேன், சேர்ந்து கேட்போம்.