ஆற்றுக்கு அங்கால இருக்கும் கோயிலை எங்கள் பிள்ளைகள் ஏன் அறிய வேண்டும்?



போர்த்துக்கேயர் இலங்கைக்கு எந்த ஆண்டு வந்தார்கள் என்று வகுப்பில் கேட்டால், கேட்ட வாய் மூடுமுன் 1505 என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். அதே போர்த்துக்கேயர் எங்கள் வாவிக்கரையில் என்ன செய்தார்கள், அவர்களால் எங்கள் மூதாதையர் என்ன பட்டார்கள் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அது பிள்ளைகளின் பிழையல்ல. பாடப் புத்தகத்தில் கொழும்பும் கோட்டையும் கண்டியும் வருகின்ற அளவுக்கு எங்கள் ஆற்றங்கரை வருவதில்லை. ஆகவே அதை நாங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு மிக நல்ல இடம் ஒன்று, எழுவான்கரையில் இருக்கின்ற எங்களுக்கு எதிரே, படுவான்கரையில் இருக்கிறது. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயில்.

"முஸ்லிம் ஆசிரியர்களுக்குக் கோயில் வரலாறு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்விக்குக் கீழே வருகிறோம். முதலில் கோயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம்.

'தான்தோன்றி' என்றால் யாரும் செதுக்கி வைக்காமல் தானாகவே தோன்றியது என்று பொருள். தேனெடுக்கப் போன வேடன் ஒருவன் கொக்கட்டி மரத்தில் கோடரி வைத்தபோது இரத்தம் வடிந்ததாம். அவன் பயந்து, தன் துணியால் அந்த இடத்தைச் சுற்றிக் கட்டிவிட்டு ஓடிப்போய்ச் சொன்னானாம். அந்த இடத்தில் இலிங்கம் இருக்கக் கண்டு, மண்முனையை ஆண்ட உலகநாச்சி என்ற அரசி கோயில் எடுத்தாளாம். மட்டக்களப்பு மான்மியம் உலகநாச்சியைக் கலிங்க தேசத்திலிருந்து வந்தவள் என்கிறது. பல காலம் ஏடுகளில் கிடந்த அந்த நூலை எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் அச்சில் கொண்டுவந்தார். இதெல்லாம் ஐதீகம். ஐதீகத்தை ஐதீகமாகவே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஆனாலும் அதற்குள்ளே ஒரு சேதி இருக்கிறது. காட்டில் தேனெடுத்தவனும் கடல் கடந்து வந்த அரசியும் ஒரே கதையில் இருக்கிறார்கள். இந்த மண்ணில் முன்பே இருந்தவர்களும் பின்னால் வந்தவர்களும் சேர்ந்துதான் இக்கோயில் உண்டானது என்று அந்தக் கதை சொல்லாமல் சொல்கிறது.

அடுத்தது, எல்லோரும் கேள்விப்பட்ட கல் நந்தியின் கதை. கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேய அதிகாரி, "உங்கள் கல் மாடு புல் தின்னுமா?" என்று ஏளனமாகக் கேட்டானாம். குருக்கள் புல்லை நீட்ட, நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் போட்டதாம். வந்தவன் பயந்து திரும்பிவிட்டானாம். இது சைவ மக்களின் நம்பிக்கை. அதை நம்புவதும் விடுவதும் அவரவர் மார்க்கத்தைப் பொறுத்தது. ஆனால் அந்தக் கதைக்குப் பின்னால் இருக்கும் பயம் உண்மையானது, அதற்கு ஆண்டும் ஆளும் உண்டு.

அந்த ஆளின் பெயர் கொன்ஸ்தந்தினோ டி சா. இலங்கையில் போர்த்துக்கேயரின் தளபதியாக இருந்தவர். 1620களில் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே அங்கு கோட்டை கட்டினார். அவர் காலத்தில்தான் 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட மேற்குக் கரையிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் கொடுத்தான். ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இங்கு அதற்கு முன்பும் எம்மவர்கள் இருந்தார்கள். ஆனாலும் எங்கள் ஊர்கள் பெருகியதில் அந்த வெளியேற்றத்துக்கும் பங்குண்டு. இரண்டு வருடம் கழித்து, 1628இல், அதே தளபதி புளியந்தீவில் கோட்டை கட்டினார். காணி அலுவல், ஓய்வூதிய அலுவல் என்று நாங்கள் ஏறி இறங்கிய கச்சேரி இருந்தது அந்தக் கோட்டைக்குள்ளேதான். 1630இல் ஊவாவில் நடந்த போரில் அவர் கொல்லப்பட்டார். 1638இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள்.

கவனித்துப் பாருங்கள். படுவான்கரைச் சைவர்களின் பேரன் பேத்திகளுக்குக் கல் நந்தியின் கதையை விட்டுச்சென்ற பயமும், எங்கள் மூதாதையரில் ஒரு பகுதியினரை வள்ளத்திலும் கால்நடையாகவும் இங்கே கொண்டுவந்த பயமும் ஒன்றுதான். ஒரே காலம், ஒரே ஆள். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். 1505 என்று சொல்லும்போது அப்படி உட்காருவதில்லை.

இனி கோயிலின் அமைப்பு. கருவறை, அதற்கு முன்னே மண்டபங்கள், நந்தி, பலிபீடம், கொடிமரம், வெளியே வீதி என்ற ஒழுங்கு சிவன் கோயில்களுக்குப் பொதுவானது. கொக்கட்டிச்சோலையின் சிறப்பு அதைச் சுமக்கின்ற ஆட்களின் ஒழுங்கில் இருக்கிறது. இதைத் 'தேசத்துக்கோயில்' என்பார்கள். ஒரு ஊருக்கு மட்டும் சொந்தமில்லாமல் சுற்றியுள்ள தேசம் முழுவதற்கும் உரியது என்று அர்த்தம். பூசை செய்கின்றவர்கள் பிராமணர் அல்லர், வீரசைவ மரபில் வந்த குருக்கள்மார். நிர்வாகத்தைப் பார்ப்பவர் வண்ணக்கர். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று குடிகளாகவும் ஊர்களாகவும் கடமைகளும் மரியாதைகளும் பங்கிடப்பட்டிருக்கின்றன. திருவிழாவில் சித்திரத்தேரையும் பிள்ளையார் தேரையும் சனங்கள்தான் வடம் பிடித்து இழுக்கிறார்கள். யாருக்கு எது உரிமை என்பதை எழுதிய ஏடுகளுக்கு இந்தப் பக்கத்தில் 'கல்வெட்டு' என்றே பெயர். ஓலையில் இருந்தாலும் அது கல்லில் வெட்டியதற்குச் சமம் என்ற மதிப்பு.

இங்கிலாந்தின் பழைய கிராமத் தேவாலயங்களிலும் இப்படி ஒரு பங்கீடு இருந்தது. பீடம் இருக்கும் பகுதியைத் திருத்துவது குருவானவரின் பொறுப்பு. மக்கள் கூடும் பெரிய மண்டபத்தைத் திருத்துவது ஊரவர் பொறுப்பு. 1538இல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அங்கே ஆணை வந்தது. இன்று அந்த நாட்டில் தேவாலயத்துக்கே போகாதவர்களும் தங்கள் ஊரின் வரலாற்றைத் தேடி அந்தப் பதிவேடுகளைப் புரட்டுகிறார்கள். வணக்கத்தலம் ஒன்று ஊரின் ஞாபகத்தையும் சேர்த்து வைத்திருக்கிறது.

எங்களிடமும் அதுதான் இருந்தது. அக்கரைப்பற்று போன்ற ஊர்களின் பள்ளிவாசல்களில் குடிக்கு ஒரு மரைக்கார் இருந்ததை மூத்தவர்கள் சொல்வார்கள். எங்கள் குடியும் தாய்வழியில்தான் வருகிறது. உம்மாவின் குடி எதுவோ அதுதான் பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் பேசுவதில்லை. வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு. இந்த வழக்கத்தை நாங்கள் மேற்குக் கரையிலிருந்து கொண்டு வந்தோமா, இங்கே பழகினோமா என்று ஆய்வாளர்கள் பேசட்டும். படுவான்கரைத் தமிழரிடமும் எழுவான்கரை முஸ்லிமிடமும் அது இருக்கிறது என்பதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை. எந்த வீட்டுப் படியில் நின்று கேட்டாலும் தெரியும்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். அறிவது வேறு, வணங்குவது வேறு. அல்பிரூனி சமஸ்கிருதம் படித்து, சுமார் 1030இல் இந்தியாவைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். இந்துக்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே சொல்வேன், வாதத்துக்காக எழுத மாட்டேன் என்பதே அவருடைய நிலைப்பாடு. அதனால் அவருடைய ஈமானுக்கு எந்தக் குறையும் வரவில்லை. உலகத்துக்கு ஓர் அறிவு கிடைத்தது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பக்கத்தில் கொல்லப்பட்ட சனங்களை அந்தக் கரை மறக்கவில்லை. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நிலையில் ஷஹீதாக்கப்பட்டவர்களை இந்தக் கரை மறக்கவில்லை. படுவான்கரையில் வயல் செய்த எம்மவர் பலர் வருடக்கணக்காகப் போக முடியாமல் இருந்தார்கள். அந்த வருடங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆற்றின் அடுத்த பக்கம் பயத்தின் பெயராக மட்டும் தெரியவந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு மோட்டார் சைக்கிளில் சில நிமிடத்தில் போய்விடலாம். பாதை வந்துவிட்டது, ஆனால் போகிறவனுக்கு அங்கே இருப்பது இன்னாரென்று தெரியவில்லை. தெரியாத இடத்தில்தான் வதந்தி முளைக்கிறது. ஒருவருடைய பயத்தின் கதையை இன்னொருவர் அறிந்திருந்தால் அது அவ்வளவு லேசாக முளைக்காது.

ஆகவே உறவுகளே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். உங்கள் மூத்தவாப்பா, மூத்தம்மா ஹயாத்தோடு இருந்தால் குடிப் பெயரையும், பழைய தோணித்துறைகளையும், படுவான்கரையில் கொண்டு கொடுத்து இருந்த போடிமாரின் பெயர்களையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். பழைய பள்ளிவாசலை உடைத்துப் புதிது கட்டப் போகிறோம் என்று ஜமாஅத்தில் பேச்சு வந்தால், உடைக்குமுன் தூணையும் நிலையையும் எழுத்துப் பொறித்த பலகையையும் படம் எடுத்து, அளந்து வைக்கச் சொல்லுங்கள். சீமெந்து ஊற்றிய பிறகு அழுது பயனில்லை. ஆசிரியர்களாக இருப்பவர்கள், தரம் 10 பிள்ளைகளுக்கு டி சாவைப் படிப்பிக்கும்போது வாவியின் இரண்டு கரையையும் சேர்த்துப் படிப்பியுங்கள்.

நாங்கள் ஐந்து வேளையும் கஃபாவை நோக்கி நிற்கிறோம். எங்கள் ஊரிலிருந்து கிப்லாத் திசை மேற்குப் பக்கம். அந்தப் பக்கத்தில் எங்களுக்கு முதலில் கிடப்பது வாவி, அதற்கு அப்பால் படுவான்கரை. தினமும் முகம் பார்க்கும் திசையில் இருக்கின்ற அயலவரின் கதையைத் தெரியாமல் இருப்பது எங்களுக்கு அழகில்லை.