பாட்டைக் காணோம்!

பழைய கம்ப்யூட்டர் கேம்களைப் பாலிஷ் போட்டுத் திரும்ப விற்கிறார்கள். படம் பளபளக்கிறது. விளம்பரத்திலும் அதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் மனுசனுக்குக் காது என்று ஒன்று இருக்கிறதே! இன்றைக்கு அந்தக் காது விஷயம்தான்.

முதலில் கொஞ்சம் டெக்னிக்கல் மேட்டர். 90-களில் வந்த பல கேம்களில் இசை தனி ஃபைலாக இருக்காது. கேம் இருக்கும் அதே சிடியில், ஆடியோ சிடி மாதிரி டிராக் டிராக்காகப் பதிந்திருக்கும். நொடிக்கு 44,100 சாம்பிள், 16 பிட். ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10 எம்பி. 1996-ல் வந்த க்வேக் இந்த வகை. இசை நைன் இன்ச் நெயில்ஸ் டிரென்ட் ரெஸ்னர்.

இதில் ஒரு வில்லங்கம். சிடியில் இருக்கும் ஃபைல்களை மட்டும் காப்பி செய்தால் கேம் ஓடும், இசை வராது. திருட்டு சிடிக் காலத்தில் 'ரிப்' என்று கைமாறிய கேம்கள் பலவும் இப்படித்தான் ஊமையாக இருக்கும். சரி, அது திருட்டு. காசு கொடுத்து வாங்கும் ஸ்டீமிலும் க்வேக் பல வருடம் இசை இல்லாமலேதான் விற்பனையானது! 2021 ஆகஸ்டில் வந்த ரீமாஸ்டரில்தான் ரெஸ்னர் இசை திரும்பி வந்தது.

அடுத்தது டூம் (1993). பாபி பிரின்ஸ் போட்ட இசை மிடி வடிவில் இருக்கும். மிடி என்பது ஒலிப்பதிவு இல்லை, ஸ்வரக் குறிப்பு மாதிரி. அதே ஸ்வரத்தை நாதஸ்வரத்தில் வாசித்தால் ஒரு மாதிரி, கல்யாணக் கச்சேரி கீபோர்டில் வாசித்தால் வேறு மாதிரி. சவுண்ட் பிளாஸ்டர் கார்டில் இருந்த யமஹா சிப்பில் கேட்டவருக்கு அதுதான் டூம். ரோலண்ட் சவுண்ட் கேன்வாஸில் கேட்டவருக்கு வேறொரு டூம். எது ஒரிஜினல் என்று சண்டை போட்டால் தீராது. 2024 ஆகஸ்டில் வந்த மறுவெளியீட்டில் பழைய இசையும் இருக்கிறது, ஆண்ட்ரூ ஹல்ஷல்ட் புதிதாக வாசித்ததும் இருக்கிறது. எது வேண்டுமோ நாமே வைத்துக்கொள்ளலாம். இதுதான் மரியாதை.

இப்போது நம்ம கதைக்கு வருவோம். என் பெரியம்மா பையன் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்துதான் ஜிடிஏ வைஸ் சிட்டி (2002) பார்த்தேன். கதை 1986-ல் நடக்கும். ஆரம்பத்தில் முதல் காரில் ஏறியதும் ரேடியோவில் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' வரும். 2021 நவம்பரில் வந்த டெஃபினிடிவ் எடிஷனில் மைக்கேல் ஜாக்சன் பாட்டுகளே கிடையாது. நான் அதை வாங்கி அண்ணனிடம் கொடுத்தபோது, காரில் ஏறி நாலு தெரு போயிருப்பார்.

"இன்னாடா, பாட்டக் காணோம்? துட்டு குடுத்துதான வாங்கின?"

பாட்டுக்கான உரிமம் என்பது பல நேரம் குத்தகை மாதிரி. காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்க வேண்டும். 2008-ல் வந்த ஜிடிஏ 4-லும் இதே கதை. 2018-ல் ஒரு அப்டேட் போட்டு, ஏற்கெனவே வாங்கியவர்களின் கேமிலிருந்தே பாட்டுகளை எடுத்தார்கள். சினிமாவிலும் இது வந்துவிட்டது. 2025-ல் இளையராஜா தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தபின், 'குட் பேட் அக்லி' நெட்ஃப்ளிக்ஸிலிருந்து இறங்கி, அந்தப் பாட்டுகள் இல்லாமல் திரும்ப வந்தது.

பாட்டுப் போட்டவருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் கேள்வி வேறு. பி.காம்-ல் 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் படிக்கிறோம். பிரிவு 15 சொல்வது: என்ன பொருள் என்று சொல்லி விற்கிறாயோ, பொருள் அதேபோல் இருக்க வேண்டும். பாட்டை உருவிவிட்டு 'டெஃபினிடிவ்' என்று பேர் வைத்தால் அது என்ன கணக்கு? ஆனால் இங்கேதான் சூட்சுமம். நாம் வாங்குவது பொருளே இல்லை, லைசென்ஸ். ஸ்டீமில் 'பை' பட்டனை அமுக்கினாலும் கையில் வருவது அதுதான். குறைந்தபட்சம் பேலன்ஸ் ஷீட்டுக்குக் கீழே குறிப்பு எழுதுவது போல, "இன்னின்ன பாட்டு இதில் இல்லை" என்று விற்கும் இடத்திலேயே ஒரு பட்டியல் போடலாமே?

"எண்ணூர் ரோட்டுல குந்திக்கினு உனக்கு ஆடியோ குவாலிட்டி ஒரு கேடா" என்று அண்ணன் கிண்டல் செய்வார். நியாயம்தான். டிரெய்லர் போனால் எங்கள் வீட்டு ஜன்னலே அதிரும். அந்தச் சத்தத்தில் 128 கேபிபிஎஸ் எம்பி3-க்கும் சிடிக்கும் வித்தியாசம் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. ஆனால் பாட்டு இருக்கிறதா இல்லையா என்பது எந்த லாரிச் சத்தத்திலும் தெரியும்.

ஒரிஜினல் வைஸ் சிட்டியில் எம்பி3 என்று ஒரு ஃபோல்டர் உண்டு. நம் பாட்டை அதில் போட்டால் காரில் தனி ரேடியோவாகவே வரும். அண்ணன் அதில் தேவா பாட்டும் ராயபுரம் கானாவும் போட்டு வைத்திருந்தார். மியாமி மாதிரி ஊர், பனைமரம் மாதிரி மரம், ஓடுவது கானா! அந்த ஃபோல்டர் அவருடைய பழைய ஹார்டு டிஸ்கில் இன்னும் அப்படியே இருக்கிறது. போன வாரம் பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்துக்கொண்டேன். அதை எந்த அப்டேட்டும் வந்து அழிக்காது :-)