முடிச்சிட்ட வாசல்

கொன்யா நகரின் அலாவுத்தீன் குன்றருகே டிராமைவிட்டு இறங்கினேன். சாலைக்கு அப்பால் அந்த வாசல் தெரிந்தது. பிற்பகல் நேரம்; முகப்பு முழுவதும் நிழலில் கிடந்தது. உள்ளே போகும் அவசரத்தில் நடந்தவள் வாசல் முன்னே நின்றுவிட்டேன்.

இஞ்சே மினாரெலி மதரஸா. ஒல்லியான மினாரைக் கொண்டது என்று பொருள். நபிமொழிக் கல்விக்காக இதைக் கட்டுவித்தவர் செல்ஜூக் அமைச்சர் சாஹிப் அத்தா. 1243இல் மங்கோலியரிடம் தோற்ற செல்ஜூக்குகள் அவர்களுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அரசு தளர்ந்திருந்த அந்த 13ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் இந்தக் கல்விக்கூடம் எழுந்தது.

கதவின் இருபுறமும் இரண்டு கல் பட்டைகள் எழுகின்றன. இரண்டிலும் குர்ஆன் வசனங்கள். யாசீன், ஃபத்ஹ் அத்தியாயங்களிலிருந்து எடுத்தவை. கதவுக்கு மேலே அவை ஒன்றையொன்று குறுக்கே கடந்து, முடிச்சு விழுந்து, மீண்டும் நிமிர்ந்து உச்சிவரை போகின்றன. எழுத்துகளுக்கு இடையே கொடிகள் நெளிகின்றன. ஒரு பட்டையைக் கண்ணால் பிடித்துக்கொண்டு மேலே போனேன். முடிச்சில் தவறவிட்டேன். மறுபடி கீழிருந்து தொடங்கினேன். மறுபடியும் தவறியது.

உள்ளே குவிமாடத்தின் கீழ் ஒரு சிறு குளம். 1956 முதல் இந்தக் கட்டடம் கல், மரச் சிற்பங்களின் அருங்காட்சியகம். கொன்யாக் கோட்டையிலிருந்து வந்த இரட்டைத் தலைக் கழுகையும் சிறகு விரித்த தேவதைகளையும் பார்த்தேன். மனம் என்னவோ வாசலிலேயே இருந்தது.

மறுநாள் திரும்பவும் போனேன். பதினொரு மணி வெயில் முகப்பை உரசியபடி இறங்கிக்கொண்டிருந்தது. செதுக்கலின் ஒவ்வொரு விளிம்பிலும் மெல்லிய நிழல். முடிச்சில் எந்தப் பட்டை மேலே போகிறது, எது அடியில் நுழைகிறது என்று இப்போது தெளிவாகத் தெரிந்தது. கண் வழுக்காமல் உச்சிவரை போய்ச் சேர்ந்தேன்.

பாடம் கேட்க வந்த மாணவர்கள் தினமும் இதன் கீழேதான் நுழைந்திருப்பார்கள். ஒரே பார்வையில் படித்துவிட முடியாத வாசகம். நின்று, அண்ணாந்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஆசிரியர் வாய் திறக்கும் முன்பே கல் பாடத்தைத் தொடங்கிவிடுகிறது.

மினாரின் மேற்பகுதி 1901இல் இடி விழுந்து சரிந்தது. ஆனால் வாசலில் இரண்டு சிறு வட்டங்களுக்குள் கட்டடக் கலைஞரின் பெயர் இன்றும் இருக்கிறது: கெலூக் பின் அப்துல்லாஹ். அந்த ஆசிரியருக்கு ஸலாம் சொல்லிவிட்டு டிராமுக்கு நடந்தேன்.