ஈயத்துக்கு அடங்காத கோளாறு

தென்மாநில எரிவாயு டேங்கர் உரிமையாளர்களின் சங்கம் இருக்கும் ஊர் நாமக்கல். டேங்கர்களில் ஜிபிஎஸ் டிராக்கர் வந்த பிறகு, லாரி வயரிங் வேலை பார்த்தவர்களில் சிலர் சர்க்யூட் போர்டுக்கு மாறிவிட்டார்கள். அப்படி மாறிய ஒருவரின் கடையைத் தேடித்தான் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஹாட் ஏர் மெஷின், லென்ஸ் விளக்கு. அவ்வளவுதான் கடை.

மேசைமேல், என்னோடு வந்த சேலத்து நண்பரின் பைக் ஜிபிஎஸ் திறந்து கிடந்தது. அதைச் செய்த கம்பெனி பேட்டரி, மேப், அப்டேட் எல்லாவற்றையும் நிறுத்திப் பல வருஷமாகிறது. “கம்பெனிக்காரன் கைவிட்டா என்னுங்க, போர்டு நம்ம கையிலதான இருக்குது?” என்றார்.

ரப்பர் கேஸ்கெட் காய்ந்து வெடித்ததில் மழைத்தண்ணீர் இறங்கிப் போர்டில் பச்சைப் பாசி. ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார். வண்டி அதிர்வில் சார்ஜிங் பின் விட்டுப்போயிருந்தது. ஃப்ளக்ஸ் தடவிப் பத்தவைத்தார். இதெல்லாம் எந்த மொபைல் கடையிலும் நடப்பதுதான்.

பேட்டரியில்தான் ஆள் தெரிந்தார். உப்பிப்போன பழையதை எடுத்துவிட்டு, அளவு பொருந்துகிற வேறொன்றை வைத்தார். அதில் இரண்டு ஒயர்தான். கருவி கேட்பது மூன்று. மூன்றாவது, பேட்டரியின் சூட்டைச் சொல்கிற ஒயர். அந்த இடத்தில் பத்து கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் கருவி ஏமாந்துபோய் எப்போதும் 25 டிகிரி என்று நம்பிச் சார்ஜ் ஏற்றும். பலர் செய்கிற வழி அது. இவர் செய்யமாட்டார். “சித்திரை வெயில்ல ஹேண்டில்பார்ல நிக்கிற சாமானுங்க. சூடு தெரியாம ஏத்துனா மறுபடி உப்பும்.” பழைய பேட்டரியில் சூட்டை அளக்கும் தெர்மிஸ்டரைக் கழற்றிப் புதியதோடு ஒட்டி டேப் சுற்றினார். கூலியில் இந்த அரைமணி நேரத்துக்கு யாரும் தனியாகத் தரப்போவதில்லை.

அடுத்து, மிளகளவுள்ள பேக்கப் செல். அது செத்தால் செயற்கைக்கோள்களின் அட்டவணை கருவிக்கு மறந்துவிடும். முழு அட்டவணையும் வானிலிருந்து இறங்க 12.5 நிமிஷம் ஆகும். ஒரு செயற்கைக்கோளின் துல்லியமான பாதை விவரத்துக்கு அரை நிமிஷம் போதும். செல்லை மாற்றிவிட்டு மொட்டை மாடிக்குப் போனோம். 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிக்னல் கட்டடத்துக்குள் சரியாக எட்டாது. டீ குடித்து முடிப்பதற்குள் நாமக்கல்லைக் காட்டியது.

இடம் சரி, தேதிதான் ஏறத்தாழ 19 வருஷம் 7 மாதம் பின்னால் நின்றது. ஜிபிஎஸ் தன் வாரங்களை 1980 ஜனவரி 6 முதல் எண்ணுகிறது. எண்ணிக்கைக்கு ஒதுக்கிய பத்து பிட்டில் 1023 வரைதான் கொள்ளும், பிறகு மீண்டும் பூஜ்யம். 1999 ஆகஸ்டில் ஒருமுறை, 2019 ஏப்ரலில் இன்னொரு முறை அப்படித் திரும்பியது. எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதைக் கருவியின் மென்பொருள்தான் கணக்குப் போடவேண்டும். அதைத் திருத்தும் சாவி கம்பெனியிடம். “இது ஈயத்துக்கு அடங்காதுங்க” என்றார். பைக்குக்குப் பரவாயில்லை. லாரி டிராக்கரில் தேதி தப்பினால் டிரிப் கணக்கே போச்சு.

பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு 2022 டிசம்பரில் இணையதளம் திறந்தது நல்லதுதான். ஆனால் கைவிட்ட கருவிகளின் மென்பொருளையும் வெளியே விடச்சொல்லும் சட்டம் வராதவரை, இந்த மேசைக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

மேப்புக்கு மட்டும் வழி இருந்தது. பழைய மேப்பில் சேலம் நாமக்கல் சாலை இன்னும் என்.ஹெச். 7, அது 44 ஆகி எவ்வளவோ காலமாயிற்று. தன்னார்வலர்கள் 2004 முதல் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை இந்தக் கருவிக்கேற்ற கோப்பாக மெமரி கார்டில் போட்டதும், புது பைபாஸ்கள் வந்துவிட்டன.

நண்பர் பர்ஸை எடுத்தார். கடைக்காரர் கையமர்த்தினார்.

“கொல்லிமலை ஏறி எறங்கிட்டு வாங்கண்ணா. 70 கொண்டை ஊசியிலயும் ஆஃப் ஆகலைன்னா அப்பறம் குடுங்க.”